நிலத்தில் ஓடும் நாவாய்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இடனறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு ஊர்திகளை எதிரெதிரே நிறுத்துகிறார். வலிய சக்கரங்களையுடைய பெருந்தேர் கடலில் ஓடாது. கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது. பொருட்பாலில், ஆள்பவனுக்கு இடத்தின் இயல்பை உணர்த்த வந்த குறள் அது. தமிழ் பயின்றோர் எவரும் அதனை மறுத்துப் பேசியதில்லை. மறுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் நாவாய்கள் நிலத்தில் ஓடும் நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா அந்நாடு. ஓடுபவை பெருங்கலங்கள் அல்ல. மூவர் ஏறினால் நிறைந்துவிடும் சிறு பாய்மரப் படகுகள். மோட்டார் வண்டியின் பின்னே டிரெய்லரில் கட்டப்பட்டு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திற்கு, மூன்று நாளும் நான்கு நாளும் அவை தரைவழியே பயணம் செய்கின்றன. கடலை அடைந்தபின் அவை கலந்துகொள்ளும் ஒவ்வொரு பந்தயமும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அப்பயணமே இவ்வுரையின் பொருள். கடற்பயணம் பற்றி நம்மிடம் பாடல்கள் ஏராளம். கடலுக்குப் போய்ச் சேரும் பயணம் பற்றி அவ்வளவு இல்லை.

முதலில் படகைப் பற்றிச் சில செய்திகள். ஷார்ப்பி என்பது அதன் பெயர். 1931ஆம் ஆண்டில் ஜெர்மனியில் க்ரோகர் சகோதரர்கள் வரைந்த வடிவம். பாயின் பரப்பு பன்னிரண்டு சதுர மீட்டர். அதனால் 'பன்னிரண்டு சதுர மீட்டர் ஷார்ப்பி' என்றே அழைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ ஆறு மீட்டர், ஒடுங்கிய உடல், கூரிய அணியம். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகுக்குத் தனிப் போட்டி நடைபெற்றது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தவரான ரோலி டாஸ்கர், ஜான் ஸ்காட் என்னும் துணையுடன் 'ஃபால்கன் 4' என்ற படகைச் செலுத்தினார். நியூசிலாந்தின் பீட்டர் மாண்டரும் ஜாக் க்ராப்பும் 'ஜெஸ்ட்' என்ற படகில் வந்தனர். எல்லாப் பந்தயங்களும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது இரு படகுகளுக்கும் 6086 புள்ளிகள்; ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலிடம் அதிக முறை பெற்றவர் எவர் என்று பார்த்துத் தங்கம் நியூசிலாந்துக்கு அளிக்கப்பட்டது. டாஸ்கருக்கு வெள்ளி. தோற்றவர் என்று அவரைச் சொல்ல நாக்கு எழவில்லை. பின்னாளில் பாய் தைக்கும் தொழிலில் உலகப் பெயர் பெற்று 2012இல் அவர் மறைந்தார்.

அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு ஆஸ்திரேலியர் அப்படகின் எடையைக் குறைத்து, பாயமைப்பை மாற்றி, மூவர் செலுத்தும் இலகு ஷார்ப்பியாக ஆக்கிக்கொண்டனர். உலகின் பிற பகுதிகளில் பழைய ஷார்ப்பி அருகிப்போக, இந்த இலகு வடிவம் ஆஸ்திரேலியாவிற்கே உரியதாயிற்று. ஒலிம்பிக்கில் இப்போது அதற்கு இடமில்லை, பரிசுப் பணமும் பெரிதாக இல்லை, தொலைக்காட்சிக்காரர் வருவதில்லை. ஆயினும் தேசியப் போட்டி உண்டு. அது ஒரே ஊரில் நடப்பதில்லை. மாநிலங்களுக்கு முறைவைத்துச் செல்லும். ஓராண்டு அடிலெய்டு அருகே என்றால் இன்னோராண்டு பெர்த்தில், பிறிதோராண்டு வேறு மாநிலத்தில்.

இந்த முறைவைப்பு ஓர் அறம். நாடு அகன்றது, மக்கள் விளிம்புகளில் வாழ்கின்றனர், எங்கு நடத்தினாலும் எவரோ ஒருவருக்குத் தொலைவு. ஆகவே தொலைவை ஆளுக்கு ஓராண்டாகப் பகிர்ந்துகொள்கின்றனர். சிறு படகு வகைகள் பலவும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றன. எனினும் பங்கு சமமாக விழுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னி ஆகிய நகரங்கள் ஒன்றுக்கொன்று ஒருநாள், ஒன்றரை நாள் தொலைவில் உள்ளன. பெர்த் மட்டும் தனியே மேற்கில் கிடக்கிறது. பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குச் சாலைவழி ஏறத்தாழ 2700 கிலோமீட்டர். பிரிஸ்பேன் என்றால் 4000ஐத் தாண்டும். டாஸ்மேனியா என்றால் விக்டோரியா மாநிலக் கரைவரை தரைவழி வந்து, அங்கே டிரெய்லரோடு பெருங்கப்பலில் ஏற வேண்டும். படகு கப்பலேறும் விந்தையும் அங்கு உண்டு.

பெர்த்தைச் சேர்ந்த மூவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட மூவர் ஒவ்வொரு படகுக் கழகத்திலும் இருக்கின்றனர். சுக்கான் பிடிப்பவர் ஐம்பதை நெருங்கியவர், மின்பணியாளர். பெரிய பாயின் கயிற்றைப் பிடிப்பவர் பள்ளி ஆசிரியை. அணியத்தில் நிற்பவன் பத்தொன்பது வயது மாணவன். போட்டி அடிலெய்டு அருகே, கிறிஸ்துமஸ் கழிந்த விடுமுறையில். போக மூன்று நாள், வர மூன்று நாள், போட்டிக்கு ஒரு வாரம். ஆண்டுக்கு நான்கு வாரம் ஊதிய விடுப்புப் பெறும் மின்பணியாளருக்கு அதில் பாதி இதிலேயே கரைந்துவிடும். வீட்டில் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது வேறு கதை. உள்ளூர்க் குழுவினரோ மாலைதோறும் தம் வீட்டுக்குச் சென்று தம் படுக்கையில் உறங்குவர். புள்ளிப் பட்டியலில் இவ்வேறுபாட்டுக்குக் கட்டம் இல்லை.

புறப்பாட்டுக்கு முன் படகைக் கட்டும் வேலை. பார்த்தவர்க்கே அதன் நுணுக்கம் விளங்கும். படகின் வயிற்றுக்கு ஏற்ப வளைத்த தாங்கிகளில் கம்பளம் ஒட்டி அதன்மேல் படகை இருத்துவர். அடிப்பாகத்தைத் தடித்த துணியால் போர்த்துவர். சாலைக் கல் தெறித்து ஒரு சிறு குழி விழுந்தாலும் நீர் வழுக்கிச் செல்லும் வழவழப்புக் கெடும். சுக்கானையும் நடுப்பலகையையும் கைக்குழந்தையைப்போல் பஞ்சுறையில் பொதிந்து வண்டிக்குள்ளேயே வைப்பர். பாய்மரம் படகின் நீளத்தையும் தாண்டிப் பின்னே நீளும். அதன் நுனியில் சிவப்புத் துணி. கட்டும் நாடாவை நேராக இழுத்தால் காற்றில் அது ஓயாமல் ரீங்கரிக்கும். ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் ஓசை அடங்கும். புறப்பட்டு ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாக் கட்டையும் மீண்டும் இறுக்க வேண்டும். கடலோடிகளுக்கு முடிச்சில் உள்ள பக்தி அங்கே கண்கூடு.

எல்லாவற்றினும் அவர்கள் அஞ்சுவது டிரெய்லர்ச் சக்கரத்தின் பேரிங்கை. போட்டிக்கு முன்னும் பின்னும் படகை இறக்கி ஏற்றும்போது அது உப்பு நீரில் முழுகுகிறது, கிரீஸ் கரைகிறது, துரு ஏறுகிறது. ஆண்டு முழுவதும் கழகத்துக்கும் வீட்டுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் உருண்ட சக்கரம், திடீரென்று 2700 கிலோமீட்டர் உருள வேண்டும். ஆகவே மாற்றுப் பேரிங், மாற்றுச் சக்கரம், ஒரு டப்பா கிரீஸ் ஆகியவை இல்லாமல் எவரும் புறப்படுவதில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைச் சொல்லித் தலைவனை அதற்கு ஒப்பிட்டார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று எண்ணிய உமணரின் அச்சம், உப்பு நீரில் நனைந்த டிரெய்லரை இழுப்பவருக்கும் பொருந்துகிறது. கடலின் பொருளைத் தரைவழி கொண்டு செல்வோர் எக்காலத்தும் அச்சுக்கு அஞ்சியே வாழ்ந்திருக்கின்றனர்.

முதல் நாள் கோதுமை வயல்களிடையே கிழக்கு நோக்கிப் பயணம். சாலையின் அருகே ஒரு பெருங்குழாய் கூடவே வருகிறது. பெர்த் அருகே மலைச்சரிவில் தேக்கிய நீரை 530 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்கூர்லித் தங்கவயலுக்கு ஏற்றிச் செல்லும் குழாய் அது. 1903ஆம் ஆண்டில் நீர் அங்குப் போய்ச் சேர்ந்தது. அதனைத் திட்டமிட்ட பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் அதனைக் காணவில்லை. ஏச்சும் பழியும் தாங்காது, 1902ஆம் ஆண்டில் ஃப்ரீமாண்டில் அருகே குதிரையைக் கடலுக்குள் செலுத்திச் சுட்டுக்கொண்டு மாய்ந்தார். அவர் கட்டிய நீரின் பக்கத்தில் ஒரு படகு நாள் முழுவதும் ஓடுகிறது.

நார்ஸ்மன் என்னும் சிற்றூரில் அயர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1841இல் எட்வர்ட் ஜான் அயர் என்பவர் இக்கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார். துணைவர் பாக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டார். மேற்கு ஆஸ்திரேலியத் தொல்குடியைச் சேர்ந்த வைலி என்பவர் ஒருவரே இறுதிவரை உடன் வந்தார். நீர் எங்கே கிடைக்கும் என்பதை மணல்மேடுகளில் அம்மண்ணின் தொல்குடியினரே அயருக்குக் காட்டினர். பட்டினியால் இளைத்த இருவரையும் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் கரையோரத்தில் கண்டு உணவளித்தது. சாலையில் அயரின் பெயர் இருக்கிறது. வைலியின் பெயர் இருந்திருக்கலாம். போர்க்காலத்தில், 1941இலும் 1942இலும் வெட்டப்பட்ட இச்சாலை முழுதும் தார் பூசப்பெற்றது 1976ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் படகை இழுத்துச் சென்றவர்கள் செம்புழுதியில் இழுத்தனர்.

பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் தொலைவு சாலையில் ஒரு வளைவும் இல்லை. இதனைப் பாய்மரக்காரர் ஒருவர் ஓட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றுக்கு எதிரே படகு நேராகச் செல்ல இயலாது; இடமாகவும் வலமாகவும் மாறி மாறிச் சாய்ந்துதான் இலக்கை நெருங்க வேண்டும். எப்போது திரும்புவது என்பதே அக்கலையின் உயிர். வாழ்நாள் முழுவதும் திரும்பும் கணத்தைப் பழகிய கைகள், ஒன்றரை மணி நேரம் திரும்பவே கூடாத சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. உறக்கம் அங்கேதான் வருகிறது.

காற்றும் விடுவதில்லை. கோடையில் அப்பகுதியில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசும் நாள்கள் பல. படகைச் சுமந்த வண்டி அதனை எதிர்த்துச் செல்லும்போது பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்குகிறது. பெட்ரோல் நிலையங்களோ சில இடங்களில் 180 கிலோமீட்டருக்கு ஒன்று; விலையும் நகரத்தின் விலை அன்று. எதிரே வரும் பெருஞ்சரக்கு வண்டிகள் முப்பது மீட்டருக்கும் மேல் நீளம், கடக்கும்போது ஒரு காற்றறை விழுகிறது, டிரெய்லர் துள்ளுகிறது. பின்னிருக்கையில் உறங்கும் மாணவனின் கை, கயிற்றைத் தளர்த்துவதுபோல் தானே அசைகிறது.

மாலை மங்கும் வேளையில் குழுவுக்குள் பூசல் எழுகிறது. ஒவ்வொரு குழுவிலும் இது எழும். நிறுத்துவதா, ஓட்டுவதா? அந்தி வேளையில் கங்காருக்கள் சாலைக்கு வருகின்றன. ஒட்டகம், வாம்பட், கங்காரு மூன்றையும் வரைந்த மஞ்சள் பலகை நல்லர்பார்ப் பகுதியில் பெயர்பெற்றது. அது படம் எடுத்துக்கொள்வதற்காக நடப்பட்டதன்று. இரவு நிறுத்தினால் நாளை மறுநாள் நள்ளிரவில்தான் சேர முடியும். படகை அளக்கும் அலுவலர்முன் காலையில் நிற்க வேண்டும். மின்பணியாளர் ஓட்டலாம் என்கிறார். அவர் படகின் தலைவர். நீரில் அவர் சொல்லே சொல். ஆசிரியை மறுக்கிறார்: "இது தண்ணீர் இல்லை." இச்சொல்லில் ஒரு குழுவின் பயணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீரில் பணிவதற்கு ஒப்புக்கொண்டவர்கள் நிலத்தில் எவருக்கும் பணிய ஒப்புக்கொள்ளவில்லை. தலைவர் என்பவர் எந்த இடத்தில் தலைவர்? இடனறிதல் இங்கே வேறு முகம் காட்டுகிறது.

இந்தக் கேள்வி விளையாட்டன்று. அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் உறக்கமே பெருங்கொலைகளுள் ஒன்று. சாலையின் சில பகுதிகளையே அகலப்படுத்தி, பறக்கும் மருத்துவச் சேவையின் விமானம் இறங்குவதற்கு வெள்ளைக் கோடு இட்டு வைத்திருக்கின்றனர். அருகில் மருத்துவமனை இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நடக்கக் கூடியது நடந்தால், இழப்பது ஒரு படகு மட்டும் அன்று. மின்பணியாளர் சற்று நேரம் பேசாதிருந்து, அடுத்த சாலையோர விடுதியில் வண்டியை ஒதுக்குகிறார். இரவு உணவின்போது எவரும் எவரையும் பார்ப்பதில்லை. விடியலில் மாணவன் மூவருக்கும் தேநீர் வாங்கி வருகிறான். அதன்பிறகு அப்பேச்சு எழவில்லை.

கைகுனாவுக்குக் கிழக்கே கடிகாரத்தை முக்கால் மணி முன்னே தள்ள வேண்டும். மேற்கு மாநிலத்து நேரமும் அன்று, தெற்கு மாநிலத்து நேரமும் அன்று. அச்சாலையோரத்தில் வாழும் சிலர் தமக்கென்று வைத்துக்கொண்ட நேரம். யூக்லாவில் 1877இல் திறந்த தந்தி நிலையத்தின் கற்சுவர்கள் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன. எல்லையைக் கடந்தால் தெற்கு ஆஸ்திரேலியா. சற்றுத் தொலைவில் மரமே இல்லாத வெளி. இலத்தீனில் மரமின்மையைச் சொல்லும் சொற்களால் ஆன பெயர்தான் நல்லர்பார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டர்ச் சுண்ணாம்புப் பாறை. மழை விழுந்தால் பாறையின் துளைகளில் இறங்கிவிடும். மேலே ஆறு இல்லை. அப்பாறை முழுவதும் ஒரு காலத்துக் கடல்தரை. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி, பின் நிலம் உயர, கடல் விலகியது. படகு அன்று ஓடுவது வற்றிய கடலின் அடித்தளத்தில். வள்ளுவரின் கூற்றை மறுக்காமலே நாவாய் நிலத்தில் ஓடுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

தெற்கே அவ்வெளி திடீரென முடிகிறது. 60 முதல் 120 மீட்டர்வரை செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர், கீழே தென்பெருங்கடல். மூவரும் இறங்கி விளிம்புக்குத் தள்ளி நிற்கின்றனர். மூன்று நாளில் முதன்முறையாகக் கடல் அருகில் இருக்கிறது; படகும் இருக்கிறது; இறக்க வழியில்லை. நீலமும் வெண்ணுரையுமாகக் கீழே எழும் அலையை, எந்தப் பக்கத்திலிருந்து காற்று, எவ்வளவு வலு என்று அவர்கள் கண்கள் தாமாகவே கணக்கிடுகின்றன.

செடூனாவுக்கு முன் இன்னொரு கடமை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ நுழையாதிருக்கச் செடூனாவில் வண்டிகளைச் சோதிக்கின்றனர். பழமும் காயும் கொண்டு செல்லக் கூடாது. மீந்த ஆரஞ்சுகள் அனைத்தும் அதற்கு முன்பே சாலையோரத்தில் உண்ணப்படுகின்றன.

போட்டியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பெர்த் நகரத்தார், 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று அவர்கள் அழைக்கும் பிற்பகல் தென்மேற்குக் கடற்காற்றில் வளர்ந்தவர்கள். வலிய காற்றுக்கு அஞ்சார். அடிலெய்டு வளைகுடாவின் குறுகிய, நெருக்கமான அலை அவர்களுக்குப் புதிது. முதல் இரண்டு நாள் அதைக் கற்றுக்கொள்வதில் போகிறது. உள்ளூர்ப் படகுகள் முன்னே போகின்றன. மூன்றாம் நாள் காற்று வலுக்கிறது. திரும்பும் கணத்தை ஆசிரியை சொல்கிறார். சுக்கான் பிடித்தவர் கேள்வி கேளாமல் திருப்புகிறார். அன்று அவர்கள் நான்காவதாக வந்தனர். முழுப் போட்டியில் நடுவில் எங்கோ ஓரிடம். பரிசு இல்லை.

இதற்கா இவ்வளவு தொலைவு என்று கேட்போர் உண்டு. அவர்களது வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உள்ளூரில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, விமானத்தில் மூன்று மணி நேரத்தில் வந்து இறங்கலாம். உடலும் உயிரும் பத்திரம், விடுப்பும் மிச்சம். சிலர் அவ்வாறு செய்கின்றனர், அதில் குற்றமில்லை. ஆனால் இரவல் படகில் கயிறு வேறிடத்தில் இருக்கும், நடுப்பலகை வேறு விதமாய் இறங்கும். அதைவிட முக்கியமாக, வாடகைக்குக் கொடுக்க உள்ளூரில் மிகுதியான படகுகள் இருக்க வேண்டும். சிறு வகைகளில் அவை இருப்பதில்லை. எல்லோரும் விமானத்தில் வந்தால் ஏறுவதற்குப் படகு இராது. ஒருவரும் சாலையில் வராவிட்டால் அது தேசியப் போட்டியாக இராது. ஓர் ஊரின் விளையாட்டாகச் சுருங்கி, சில ஆண்டுகளில் அதுவும் நின்றுவிடும். சில படகு வகைகள் அவ்வாறே மெலிந்தன. தொலைவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து கவிதை படித்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பியவர்களை இந்த வட்டமும் பத்து ஆண்டுகளாக அறியும்.

விருந்தோம்பலையும் சொல்ல வேண்டும். வெளிமாநிலக் குழுவினரை உள்ளூர்க் குழுவினர் தம் வீடுகளில் தங்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பகலில் நீரில் ஒருவர் வழியை ஒருவர் மறித்து முறையீடு எழுதிக் கொடுத்தவர்கள், இரவில் ஒரே மேசையில் உண்கின்றனர். அடுத்த முறை அவர்கள் பெர்த்துக்கு வரும்போது கணக்கு நேராகும்.

திரும்பும் நாளில் வீட்டுக்காரர் ஒரு புட்டித் தேன் கொடுக்கிறார். தெற்கு ஆஸ்திரேலியத் தேன், மறுக்க இயலாது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வெளித்தேன் கொண்டு செல்லக் கூடாது. தேனீ நோய் பரவாதிருக்க எல்லைச் சாவடியில் வாங்கிவிடுவர். மூவருக்கும் அது தெரியும்; கொடுத்தவருக்கும் தெரிந்திருக்கலாம். எல்லைக்குச் சற்று முன்னே, பாறைச் சுவரின் அருகே வண்டியை நிறுத்தி, டிரெய்லர்ச் சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்க்கின்றனர். பின்னர்ப் படகின் நிழலில் அமர்ந்து, ஒரு முழு ரொட்டியைப் பிய்த்து, அந்தத் தேனைக் கடைசித் துளிவரை தொட்டு உண்கின்றனர். படகின் பக்கங்களில் வளைகுடாவின் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. மாணவன் வெறும் புட்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொள்கிறான். வீட்டுக்கு இன்னும் 1400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இம்முறை முதலில் ஓட்டுபவர் ஆசிரியை.